கை படாத டிவி

இந்த வண்டியில மாட்டியிருக்கற டிவியைப் பாருங்க சார். யாராவது பாக்கறாங்களா? முன்னாடி சீட்டு அம்மா தூங்குது. அந்தப் பக்கம் ரெண்டு பேரு போன்ல குனிஞ்சிருக்காங்க. அது பாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கு. நான் ஒரு டிவியோட ஏழு மாசம் இருந்தேன் சார். யாரும் பாக்கலைன்னா அதுவே நின்னுடும். ரிமோட்டு கிடையாது. கையே படக்கூடாது. அதை நான்தான்... நான்தான்னு சொல்லக்கூடாது, இஞ்சினியருங்க இருந்தாங்க. ஆனா அது வளந்தது என் குரலைக் கேட்டுத்தான்.

சார் ஓசூரா, இல்ல வேலூர்லயே எறங்கிடுவீங்களா? எதுவா இருந்தா என்ன, நேரம் கெடக்கு.

என் பேரு தணிகாசலம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தேன். இருபத்தெட்டு வருஷம். செய்யாறு, ஆரணி போற வண்டி ரெண்டாவது பிளாட்பாரத்துலன்னு மைக்குல சொல்லுவாங்கல்ல, அது நான். ரிட்டயர் ஆன வருஷமே என் வீட்டம்மா கனகவல்லி ஓசூருக்குப் போயிட்டா. பொண்ணு அங்கதான் இருக்கா, சுபத்ரா. பேறுகாலத்துக்கு ஒத்தாசையா இருந்துட்டு மூணு மாசத்துல வர்றேன்னா. இப்ப அந்தக் கொழந்தை எல்கேஜி போவுது. பொண்ணு வேலைக்குப் போறா, கொழந்தையை யாரு பாத்துக்கறது? ஞாயம்தானே. நான் அதைப்பத்தி ஒண்ணும் சொல்றதில்ல.

ஒண்டி ஆளு. காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் மெஸ்ஸு. பொழுது போகணுமே. அப்பதான் டிப்போல பழக்கமான ஒருத்தர் சொன்னாரு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஆளு எடுக்கறாங்க, என்ன வேலைன்னா வீட்ல இருக்கற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்னு. கம்பெனி பேரு கேக்காதீங்க, வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க.

போய்ப் பாத்தா, ஷெட்டுக்குள்ள ஒரு வீடு கட்டி வெச்சிருக்காங்க சார்! ஹாலு, சமையக்கட்டு, சோபா, சாமி படம், காலண்டர், வாசல்ல செருப்புகூட இருக்கு. கூரை மட்டும் கிடையாது. அண்ணாந்து பாத்தா தகரம், அதுல இருந்து வரிசையா மைக்கு தொங்குது. ஜன்னலுக்கு வெளிய வெயில் கிடையாது, லைட்டு. காலைல மஞ்சளா, சாயங்காலம் செவப்பா மாத்துவாங்க. மழைக்கும் ஒரு ஸ்பீக்கர் வெச்சிருந்தாங்க.

இம்தியாஸ்னு ஒரு இஞ்சினியரு, வாணியம்பாடிக்காரரு. சின்ன வயசு, ரொம்ப மரியாதை. அவரு சொன்னாரு, "சார், வீடு எப்படி இருக்கோ அதைப் பாத்து டிவி தானா நடந்துக்கணும். ஆளு எழுந்து போனா படம் நிக்கணும். திரும்ப வந்து உக்காந்தா விட்ட எடத்துல இருந்து ஓடணும். வெயிலடிச்சா வெளிச்சம் கூட்டணும், மிக்ஸி ஓடினா சத்தம் கூட்டணும். நாலு பேரு பேசிக்கிட்டா சத்தத்தைக் கொறைக்கணும். ரிமோட்டு எங்கன்னு யாரும் தலகாணிக்கு அடியில தேடக்கூடாது."

"நாங்க என்ன பண்ணணும் தம்பி?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். உங்க வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க."

என் வீட்ல நான் எப்படி இருப்பேன்? தனியா இருப்பேன். அதை அவர்கிட்ட சொல்லலை.

அந்த வீட்ல மூணு பேரு. நான் வீட்டுக்காரன். சகாயமேரின்னு ஒரு அம்மா, அவங்க வீட்டம்மா. நாப்பது வயசுக்கு மேல இருக்கும், மப்பேடு பக்கத்துல ஒரு கிராமம். மோனிஷான்னு ஒரு பொண்ணு, காலேஜ் முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தது, அது எங்க மக. காலைல ஒம்பது மணிக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் நாங்க குடும்பம். அப்புறம் கம்பெனி வேன் ஆளாளுக்கு ஒரு பக்கம் எறக்கி விட்டுடும்.

அந்தம்மா என்னை 'சார்'னு கூப்பிட்டாங்க. வீட்டுக்காரனை எவளாவது சார்னு கூப்பிடுவாளா? டிவி கொழம்பிடும்மான்னேன். மறுநாள்ல இருந்து 'அண்ணே'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. சரி, அது போகட்டும்னு விட்டுட்டேன்.

ஆரம்பத்துல அந்த டிவி சுத்த மக்கு சார். கடுகு தாளிச்சா படம் நின்னுடும், யாரோ கதவைத் தட்டறாங்கன்னு நெனச்சுக்கும். ஃபேன் காத்துல திரைச்சீலை ஆடினா ஆளு வந்துட்டாங்கன்னு தானா எரியும். நான் கொஞ்சம் ஆடாம அசையாம உக்காந்திருந்தேன்னா ஆளே இல்லைன்னு அணைஞ்சிடும்! குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், எனக்கு எதிர்லயே அணையுது. அதனால நான் பேசிக்கிட்டே இருப்பேன். வேற வழி? பேசினாதான் அதுக்கு நான் இருக்கேன்னு தெரியும்.

இம்தியாசுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். தம்பி, நம்ம வீடுகள்ல யாராவது வந்தா மொதல்ல என்ன சொல்லுவோம்? 'வாங்க'ம்போம். சொல்லிக்கிட்டே டிவி சத்தத்தைக் கொறைப்போம். அதனால 'வாங்க'ங்கற வார்த்தை காதுல விழுந்தா டிவி தானா கொறைச்சுக்கணும்னேன். அவரு அப்படியே எழுதிக்கிட்டாரு. ஒரு வாரத்துல அது கத்துக்கிச்சு. நூத்துக்கணக்கான தடவை 'வாங்க, வாங்க'ன்னு சொல்லியிருப்பேன் வாசலைப் பாத்து. யாரும் வரலைதான். ஆனா சத்தம் கொறையும் பாருங்க, எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருக்கும்.

கேக்கறீங்கல்ல சார்? ஜன்னல் வேணா மூடிக்குங்க, காத்துல நான் சொல்றது விழாது.

மத்தியானம் ஒரு சீரியல் வரும். சகாயமேரிக்கு அது உசுரு. காயை நறுக்கி வெச்சிட்டு, தரையில வந்து உக்காந்துக்குவாங்க. நான் சும்மா இருப்பனா? கதையில ஓட்டை எங்கங்க இருக்குன்னு எடுத்துச் சொல்லுவேன். இவ எதுக்கு அழறா, இவன் நேத்து வேற சட்டை போட்டிருந்தானே, கோர்ட்டுல இப்படியெல்லாம் பேச விடுவாங்களா, எங்க டிப்போ கேஸு ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சுன்னு ஆரம்பிச்சேன்னா அது ஒரு அரை மணி நேரம். நான் பேச ஆரம்பிச்சதும் டிவி மரியாதையா சத்தத்தைக் கொறைச்சுக்கும். அதுக்கு இருந்த மரியாதை என் சொந்தக்காரங்களுக்குக்கூட கிடையாது. சகாயமேரி கொஞ்ச நேரம் டிவி பக்கத்துல நகந்து உக்காந்து பாப்பாங்க. அப்புறம் எழுந்து சமையக்கட்டுக்குப் போயிடுவாங்க. பொறுப்பான பொம்பளை, வேலைதான் முக்கியம். மோனிஷா எப்பவும் காதுல அந்த ஒயரோடதான் இருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க.

ஒருநாள் சகாயமேரி வந்து என் எதிர்ல உக்காந்தாங்க. எப்பவும் அப்படி உக்கார மாட்டாங்க. "அண்ணே"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்தது. டிவி தானா நின்னுடுச்சு சார்! யாராவது அழுதா படம் நிக்கணும்னு அந்த வாரம்தான் கத்துக் குடுத்திருந்தாங்க, எங்களுக்கே சொல்லலை. நான் அசந்துட்டேன். முந்தின நாள் சீரியல்ல ஒரு சாவு, அதை நெனச்சுதான் அழறாங்கன்னு புரிஞ்சிக்கிட்டு, "அட, அதெல்லாம் நடிப்பும்மா, நெஜமாவா செத்துட்டான்"னு ஆரம்பிச்சு, நடிப்புன்னா என்ன, எங்க ஸ்கூல் நாடகத்துல நான் மந்திரியா வேஷம் கட்டினப்ப என்ன ஆச்சுன்னு எல்லாம் சொல்லி மனசைத் தேத்தினேன். முடிக்கறப்ப, "சரிங்கண்ணே"ன்னு எழுந்து போனாங்க. கண்ணைத் தொடச்சிக்கிட்டாங்க. ஒரு மனுஷனுக்கு ஆறுதல் சொன்னா நமக்கும் நல்லா இருக்கும் சார்.

அஞ்சாவது மாசம் இம்தியாஸ் என்னைத் தனியா கூப்பிட்டாரு. கம்ப்யூட்டர்ல கோடு கோடா காட்டினாரு. யாரு எவ்வளவு நேரம் பேசியிருக்காங்கன்னு. நான் நீலம், சகாயமேரி மஞ்ச, மோனிஷா பச்சை. ஸ்கிரீன் முழுக்க நீலம் சார்! சமுத்திரம் மாதிரி. அங்கங்க ஒரு மஞ்சப் புள்ளி. ஒரு நாளைக்கு நான் மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம். சகாயமேரி பதினோரு நிமிஷம். மோனிஷா ரெண்டு. பாத்தீங்களா தம்பி, யாரு ஒழச்சிருக்காங்கன்னு தெரியுதான்னேன்.

அவரு சிரிக்கலை. பேனாவை உருட்டிக்கிட்டே இருந்தாரு.

"சார், இதுல ஒரு சின்ன சிக்கல். நீங்க பேசறப்ப டிவி சத்தம் கொறையுது. மத்தவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

"பேசறப்ப கொறையணும்தானே சொன்னீங்க?"

"பேசிக்கிட்டா சார். ரெண்டு பேரு. ஒரு குரலு, அப்புறம் இன்னொரு குரலு, மாறி மாறி வரணும். ஒரே குரலு போய்க்கிட்டே இருந்தா, அதைப் பேச்சுன்னு டிவி எடுத்துக்கக் கூடாது. அப்படி மாத்தப் போறோம்."

"அப்ப அதை என்னன்னு எடுத்துக்கும்?"

அவரு பேனாவைக் கீழ வெச்சாரு. "சத்தம்னு" அப்படின்னாரு. அப்புறம் சட்டுனு, "டெக்னிக்கலா சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாரு. நான் எதுக்குத் தப்பா எடுத்துக்கப் போறேன்? டெக்னிக்கல் டெக்னிக்கல்தான்.

திங்கக்கிழமை மாத்திட்டாங்க. அன்னைக்கு சீரியல் ஆரம்பிச்சுது, நானும் ஆரம்பிச்சேன். சத்தம் கொறையலை. சரி, கேக்கலை போலன்னு கொஞ்சம் ஒரக்கப் பேசினேன். உடனே அது சத்தத்தைக் கூட்டுது சார்! மிக்ஸி ஓடினா கூட்டற மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் ஒரக்க. அது இன்னும் கொஞ்சம். மைக் இல்லாம பஸ் ஸ்டாண்டுல கத்தின ஆளு நான், விடுவனா? சோபாவை விட்டு எழுந்து நின்னு பேசறேன். அந்தப் பக்கம் சீரியல்ல மாமியாக்காரி எனக்கு மேல கத்தறா. நானும் அவளும் அந்தத் தகரக் கொட்டாய் அதிர...

மோனிஷா காதுல இருந்து ஒயரைக் கழட்டிட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. சகாயமேரி முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க, தோளு குலுங்குது. அந்த வீட்ல எல்லாரும் சேந்து சிரிச்சது அன்னைக்குத்தான். நானும் சிரிச்சேன். கொஞ்சம் லேட்டா.

அதுல இருந்து எனக்கு ஒரு கவலை புடிச்சுக்கிச்சு. ரெண்டு குரல் வேணும். இல்லைன்னா டிவி என்னை மதிக்காது. நான் ஒண்ணு சொல்லிட்டு சகாயமேரியைப் பாப்பேன். "ஏதாவது சொல்லும்மா"ம்பேன். "ம்"ம்பாங்க. "ம் பத்தாதும்மா, இம்தியாஸ் சொல்லிட்டாரு, வார்த்தையா வேணும்"ம்பேன். "என்ன சொல்றதுண்ணே?"ம்பாங்க. அதுக்கு டிவி லேசாக் கொறையும். நான் உடனே புடிச்சுக்கிட்டு மேல பேச ஆரம்பிப்பேன், மறுபடி ஏறிடும். அந்தம்மா தொடந்து பேசியிருந்தா எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும். பேச்சு வராத சுபாவம். என்ன பண்றது, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி.

ஏழாவது மாசம் முடிஞ்சுதுன்னுட்டாங்க. முடிஞ்சுதுன்னா, அதுக்கு மேல கத்துக்க ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். கடைசி நாளு ஆளுங்க வந்து சோபாவைத் தூக்கறாங்க. ஜன்னல் லைட்டை அணைச்சாங்க, பாத்தா அது ஜன்னலே இல்ல, பலகை. சகாயமேரியைப் பாத்து, "நாளைக்கு என்ன குழம்பும்மா?"ன்னு கேட்டுட்டேன். வாய் தவறி. அந்தம்மா ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. அப்புறம் பையில இருந்து ஒரு கார்டை எடுத்துக் குடுத்தாங்க. சின்னப் பொண்ணுக்குப் புதுநன்மை, கோயில்ல பூசை, வீட்ல சாப்பாடு, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்கண்ணேன்னாங்க. புதுநன்மைன்னா அவங்கள்ல புள்ளைங்களுக்கு மொத தடவை நற்கருணை குடுக்கற விசேஷம் சார்.

போன ஞாயித்துக்கிழமைதான். போனேன். ஒரு கவுனு வாங்கிட்டுப் போனேன், வெள்ளையில.

வீடு சின்னதுதான். தெருவுல ஷாமியானா போட்டிருந்தாங்க. நான் வாசல்ல செருப்பைக் கழட்டறேன், உள்ள ஒரு பொம்பளை குரலு கணீர்னு கேக்குது. கதை சொல்றாங்க. ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டறாங்க. நடுவுல ஒரு ஆம்பளை குரலு ஏதோ சொல்லுது, அதுக்கு அவங்க பதில் சொல்றாங்க, கூட்டமே சிரிக்குது. யாருடா இவ்வளவு நல்லா பேசறாங்கன்னு எட்டிப் பாத்தேன்.

சகாயமேரி சார்.

நான் அப்படியே நின்னுட்டேன். ஏழு மாசம் ஒரே வீட்ல இருந்திருக்கேன். அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. கையை ஆட்டி ஆட்டிப் பேசறாங்க, மொகம் பூரா வேற மாதிரி இருக்கு. பக்கத்துல அவங்க வீட்டுக்காரர் அருள்ராஜ், ஒல்லியா ஒரு மனுஷன், வாயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. மூலையில பழைய டிவி ஒண்ணு அது பாட்டுக்கு ஓடுது. அதை ஒருத்தரும் கொறைக்கவும் இல்ல, கூட்டவும் இல்ல. யாருக்கும் அது கேக்கவே இல்ல.

என்னைப் பாத்ததும், "வாங்கண்ணே"ன்னு எழுந்து வந்தாங்க. "கம்பெனியில எங்கூட வேலை பாத்தவரு"ன்னு எல்லாருக்கும் சொன்னாங்க. கரெக்டுதானே. வேற எப்படிச் சொல்ல முடியும்?

எலை போட்டாங்க. அருள்ராஜ் என் பக்கத்துல உக்காந்தாரு, காரம் ஆகாதுன்னு அவருக்கு வெறும் தயிர்சோறு. என்னங்கன்னு கேட்டேன். கிட்னியில கல்லு, ஆபரேஷன் ஆயிடுச்சு, நடுவுல உசுருக்கே கஷ்டம்னு சொல்லிட்டாங்க, ரெண்டு நாளு ஐசியூன்னாரு. எப்பன்னேன். மாசமும் தேதியும் சொன்னாரு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன் சார். அந்தம்மா என் எதிர்ல வந்து உக்காந்தாங்களே, அந்த வாரம்.

சகாயமேரி பிரியாணி எடுத்துக்கிட்டு வந்தாங்க. "ஏம்மா, இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே"ன்னேன்.

"சொல்லலாம்னுதான் வந்தேண்ணே" அப்படின்னாங்க. கரண்டியால ஒரு பீஸைத் தேடி எடுத்து என் எலையில வெச்சாங்க. "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

கோவமெல்லாம் இல்ல சார். சும்மா சொன்னாங்க. மழை வந்துச்சு, நனைஞ்சிட்டேன்னு சொல்ற மாதிரி. "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமாண்ணே?"ன்னு கேட்டுட்டு அடுத்த எலைக்குப் போயிட்டாங்க. அங்க போயும் பேசிக்கிட்டேதான் போனாங்க.

மூணு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டேன். கதவைத் தெறந்தேன். என் வீட்ல இருக்கறது சாதாரண டிவி. நான் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. போடலை. அப்படியே சேர்ல உக்காந்திருந்தேன். அந்த நீலக் கோடெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. முப்பத்தி ரெண்டு வருஷம் கனகவல்லியோட குடும்பம் நடத்தியிருக்கேன். அவ குரலுக்கு என்ன கலருன்னு யோசிச்சேன். ஒண்ணும் தோணலை.

போன் போட்டேன். எடுத்து, "சொல்லுங்க"ன்னா. நான் ஒண்ணும் பேசலை. இன்னைக்கு அவளே பேசட்டும்னு இருந்துட்டேன். மூச்சுவிடற சத்தம் கேக்குது. பத்து செகண்டு. இருபது செகண்டு. எனக்கு அது ஒரு யுகம் சார்.

"என்னங்க? என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?" பதறிட்டா.

"ஒண்ணுமில்ல. நீ பேசு."

"நான் என்ன பேசறது?"

மறுபடி ஒரே அமைதி. நான் உதட்டைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். கொழந்தை ஏதோ பாட்டுப் பாடற சத்தம் தூரத்துல கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, எங்கிட்டயா இல்ல அவளுக்கே சொல்லிக்கிட்டாளான்னு தெரியலை, "இங்க மழை பெய்யுது"ன்னா. "மாடியில துணி காயப் போட்டிருந்தேன். பாதி எடுத்தேன், பாதி நனைஞ்சிடுச்சு."

"ம்"ன்னேன்.

"சரி, வெச்சிடட்டுமா? பாப்பாவுக்குப் பால் காய்ச்சணும்."

வெச்சிட்டா. அவ்வளவுதான் சார். ஆனா துணி நனைஞ்சதை எதுக்கு எங்கிட்ட சொன்னா? இத்தனை வருஷத்துல அந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட சொன்னதே இல்ல. நாலு நாளா எனக்கு அதே நெனப்பு. எந்தத் துணி, யாரோட துணி, எவ்வளவு நேரம் மழை பெஞ்சுது, கேக்காம விட்டுட்டேனேன்னு. அதான் இன்னைக்குக் காலைல பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குள்ள போய்ச் சேந்துடுவேன். போனதும் அவளை உக்கார வெச்சு எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லணும். அந்த ஷெட்டு, பலகை ஜன்னலு, இம்தியாஸ் காட்டின கோடு, சகாயமேரி வீட்டு விசேஷம், ஒண்ணு விடாம. இனிமே நான் பேச்சைக் கொறைச்சுக்கிட்டு நீ சொல்றதைத்தான் கேக்கப் போறேன் கனகுன்னு, ஏன், எதனால, எப்பல இருந்து அப்படி முடிவு பண்ணேன்னு வெவரமா எடுத்துச் சொல்லணும். சொல்லி முடிக்க எப்படியும் ரெண்டு மூணு நாளாயிடும் சார்.

ஆகட்டும். அவ அலுத்துக்கவே மாட்டா. நான் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கணும் அவளுக்கு.